பிரேக் லைட் சுவிட்ச் சர்க்யூட் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் லைட் எரியவில்லை என்றதும் பலரும் முதலில் ஒரு புது சுவிட்சை வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டியும் எரியவில்லை என்றால்தான் ஃபியூஸ் பெட்டி பக்கம் போகிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: 12 வோல்ட் எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், பொருள் வாங்குவது அப்புறம். ஒரு டெஸ்ட் லேம்ப் (ஒரு முனையை வண்டியின் உலோகப் பாடியில் மாட்டி, மறுமுனையால் தொடும் இடத்தில் கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு), ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது?

பிரேக் பெடலுக்கு மேலே, பெடல் தண்டு வந்து நிற்கும் இடத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் தெரியும். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன் நுனியில் உள்ளே போய் வெளியே வரும் ஒரு சின்ன பிளஞ்சர், பின்னால் இரண்டோ நாலோ வயர். நீங்கள் மிதிக்காமல் இருக்கும்போது பெடல் தண்டு அந்தப் பிளஞ்சரை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்ததும் தண்டு விலகும், பிளஞ்சர் வெளியே வரும், உள்ளே இருக்கும் கான்டாக்ட் சேரும், லைட் எரியும்.

இதில் ஒரு விஷயம் பலரைக் குழப்பும். சுவிட்சைக் கழற்றிக் கையில் வைத்து மீட்டரில் பார்க்கும்போது, பிளஞ்சரை அழுத்தினால் "பிரேக் மிதித்த நிலை" என்று நினைத்துக்கொள்வோம். அது தலைகீழ். பிளஞ்சர் உள்ளே என்றால் பெடல் சும்மா இருக்கிறது, பிளஞ்சர் வெளியே என்றால் பிரேக் மிதித்திருக்கிறது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல சுவிட்சைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பழைய வண்டிகள் சிலவற்றில் சுவிட்ச் பெடலில் இருக்காது, பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) திருகியிருக்கும். அந்த வகையில் கனெக்டரைக் கழற்றும்போது உள்ளே ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலே கசிகிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். சில ஐரோப்பிய கார்களில் பிளஞ்சரே கிடையாது, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனில் உள்ள காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கும். அதை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது.

என்னென்ன அறிகுறி தெரியும்?

லைட் எரியாது, அல்லது அணையாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத பக்கம்தான் நீளம்: குரூஸ் கன்ட்ரோல் (காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) வேலை செய்யாது, ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கை விட்டு நகராது, பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டு மட்டும் எரியும், இன்ஜின் கிளம்பாது, சில வண்டிகளில் ஏபிஎஸ் அல்லது ஸ்டெபிலிட்டி விளக்கு எரியும். பிரேக் மிதிக்கிறார்களா இல்லையா என்ற ஒரே தகவலை வண்டியில் பல கம்ப்யூட்டர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் ஒரு சின்ன சுவிட்ச் கெட்டால் சம்பந்தமே இல்லாத மாதிரி நாலு இடத்தில் பழுது தெரிகிறது.

தனியாக இருக்கிறேன், லைட் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பின்பக்கத்தைச் சுவர் ஓரமாக நிறுத்தி இருட்டில் கண்ணாடியில் பாருங்கள், சிவப்பு விழும். இல்லையென்றால் போனில் வீடியோ ஓடவிட்டுப் பின்னால் ஒரு இடத்தில் சாய்த்து வைத்து, வந்து நாலு தடவை மிதியுங்கள். சில வண்டிகளில் சாவி போட்டால்தான் பிரேக் லைட் எரியும், அதனால் சாவி போட்டும் போடாமலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த லைட்டும் எரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டு பக்கமும் மேலே நடுவிலும் உள்ள மூன்று பல்பும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். ஆனால் ஒரு பக்க பல்ப் போய் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல், அடுத்த பக்கமும் போன பிறகு "எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது" என்று வருவது சாதாரணம். அதனால் பல்பைக் கழற்றி இழையைக் கண்ணால் பாருங்கள். கண்ணாடி உள்பக்கம் கருத்தோ வெளுத்தோ இருந்தால் அது போன பல்ப்.

பல்ப் நன்றாக இருக்கிறதா, சரி, ஃபியூஸ். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும், எது என்பது பெட்டி மூடியில் எழுதியிருக்கும். வெளியே எடுத்துப் பார்ப்பதைவிட, மாட்டியபடியே அதன் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளியிலும் டெஸ்ட் லேம்பை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை. சில கார்களில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ், அதனால் ஹாரனையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள், நிறைய நேரம் மிச்சமாகும்.

அடுத்தது சுவிட்ச். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய பின்னை விட்டுச் சோதிக்க வேண்டும். ஒரு வயரில் மிதித்தாலும் விட்டாலும் 12 வோல்ட் இருக்க வேண்டும் (சாவி போட்டால்தான் பிரேக் லைட் எரியும் வண்டியில் சாவி போட்டுப் பாருங்கள்). இன்னொரு வயரில் மிதித்தால் 12, விட்டால் பூஜ்யம். உள்ளே வருகிறது, மிதித்தும் வெளியே போகவில்லை என்றால் சுவிட்ச்தான், சந்தேகமே வேண்டாம். உள்ளேயே வரவில்லை என்றால் ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. உள்ளே வந்து வெளியேயும் போகிறது, ஆனால் லைட் எரியவில்லை என்றால் சுவிட்சை மறந்துவிட்டுப் பின்பக்கம் போங்கள்: டிக்கிக்குப் போகும் வயர், லைட் கனெக்டர், ஹோல்டர், எர்த் (லைட்டிலிருந்து கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு). இந்த மூன்று வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே தேவையில்லாமல் வாங்கும் சுவிட்சுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

சுவிட்ச் கனெக்டரில் இரண்டு வயரையும் சேர்த்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், இரண்டு பின் சுவிட்ச் என்றால் அதுதான் வேகமான சோதனை. கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒரு ஜம்பர் வயரால் இரண்டு பின்னையும் இணைத்தால் லைட் எரிய வேண்டும். எரிந்தால் சுவிட்ச் தவிர மற்றதெல்லாம் சரி. நாலு பின் இருந்தால் வயரிங் படம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தப்பான இரண்டு பின்னை இணைத்துக் கம்ப்யூட்டரின் சிக்னல் வயருக்குள் பேட்டரி கரண்டை அனுப்பிவிட்டால், போவது சுவிட்ச் அல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய பொருள். பல்ப் வைத்த டெஸ்ட் லேம்பையும் அந்த சிக்னல் வயர்களில் வைக்க வேண்டாம், அங்கே மல்டிமீட்டர் மட்டும்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் லைட் மங்கலாக எரிகிறது. ஏன்?

பல்ப் இல்லாமல், கனெக்டரைக் கழற்றிவைத்து அளந்திருப்பீர்கள். கரண்ட் ஓடாதபோது ஒரே ஒரு இழை மீதி இருக்கும் வயர்கூட முழு 12 வோல்டைக் காட்டும். பல்பை மாட்டி, பிரேக்கை மிதித்த நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வழக்கமான பிரேக் பல்ப் 21 வாட். 12 வோல்டில் ஒன்றுக்கு 1.75 ஆம்பியர், இரண்டுக்கு 3.5. சுவிட்ச் உள்ளே கான்டாக்ட் கருகி அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 0.5 என்று பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். ஆனால் 3.5 ஆம்பியர் ஓடும்போது அந்த அரை ஓம் ஒன்றே முக்கால் வோல்டை அங்கேயே தின்றுவிடும். அதனால்தான் சுவிட்சை ஓம் வைத்து அளப்பதை நான் முழுதாக நம்புவதில்லை. மீட்டரை டிசி வோல்டில் வைத்து, ஒரு முனையை சுவிட்சின் உள்ளே வரும் வயரிலும் மறுமுனையை வெளியே போகும் வயரிலும் வையுங்கள், பிரேக்கை மிதியுங்கள். 0.2 வோல்டுக்குள் இருந்தால் நல்ல சுவிட்ச். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் உள்ளே கருகியிருக்கிறது. இதே மாதிரி பல்ப் ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்தால் எர்த் எப்படி என்று தெரியும், அது 0.1 பக்கம் இருக்க வேண்டும்.

பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்கிறது.

என் பழைய காரில் இது நடந்தது. இரவு படுக்கப் போகும் நேரம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "தம்பி, உங்க வண்டி பின்னாடி செவப்பா எரியுது, வந்து பாருங்க" என்றார். வண்டி பூட்டியிருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, பின்சுவர் முழுக்கச் சிவப்பு. பெடலைக் கையால் மேலே இழுத்துப் பார்த்தேன், அணையவில்லை. டார்ச்சை அடித்தபோது குதிகால் வைக்கும் இடத்தில், விரிப்பின் மேல், உலர்ந்த பிசின் மாதிரி கருப்பாக நாலைந்து துணுக்கு கிடந்தது. விரலில் எடுத்து நசுக்கினால் பொடியாகிறது. மேலே பார்த்தால் பெடல் தண்டில் ஒரு ஓட்டை, சுவிட்சின் பிளஞ்சர் அந்த ஓட்டைக்குள் நேராக நுழைந்து நின்றுகொண்டிருந்தது.

அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் பொத்தான் இருந்திருக்க வேண்டும். பெடல் தண்டு நேரடியாக பிளஞ்சரைத் தொடாமல் அந்தப் பொத்தான்தான் தொடும். ஜப்பான், கொரிய வடிவமைப்பு கார்கள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் இருந்து ரப்பர் மொறுமொறுவென்று ஆகி ஒரு நாள் உடைந்து விழுந்துவிடும். சுவிட்ச் நூறு சதவீதம் நல்ல சுவிட்ச், அதை அழுத்துவதற்குத்தான் ஆள் இல்லை. அன்றிரவு சுவிட்ச் கனெக்டரைக் கழற்றிவைத்தேன், காலையில் அந்த ஓட்டையில் தட்டையான தலை உள்ள சின்ன போல்டைப் போட்டு நட்டு முடுக்கினேன், புதுப் பொத்தான் கிடைக்கும் வரை ஓடியது. போல்டின் தலை தடிமனாக இருந்தால் பெடலை முழுதாக மேலே வரவிடாது, அதைக் கவனிக்க வேண்டும்.

அன்று பக்கத்து வீட்டுக்காரர் தட்டியிருக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பியிருக்காது. 3.5 ஆம்பியர், பத்து மணி நேரம், 35 ஆம்பியர்-மணி. சாதாரண சின்னக் கார் பேட்டரியே 35, 45 ஆம்பியர்-மணிதான்.

பொத்தான் நன்றாக இருந்தால் சுவிட்சை அதன் இடத்திலிருந்து கழற்றி, பிளஞ்சரை விரலால் உள்ளே அழுத்துங்கள். அணைந்தால் சுவிட்ச் நல்லது, அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கிறது. அணையவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றுங்கள். இப்போது அணைந்தால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது. கனெக்டரையே கழற்றியும் எரிகிறது என்றால் சுவிட்சுக்குப் பிறகு எங்கோ ஒரு ப்ளஸ் வயர் இதில் உரசிக்கொண்டிருக்கிறது. டிரெய்லர் கொக்கி வயரிங் வெளியே இருந்து தண்ணீர் புகுந்த வண்டிகளில் அங்கே முதலில் பாருங்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுங்குகிறது, அல்லது பார்க் லைட் போட்டிருக்கும்போது மிதித்தால் ஒரு பக்கம் அணைகிறது. இதுவும் சுவிட்ச் பழுதா?

இல்லை. இது எர்த். ஒரே பல்பில் 21 வாட் இழை ஒன்றும் 5 வாட் இழை ஒன்றும் இருக்கும், இரண்டுக்கும் எர்த் ஒன்று. அந்த எர்த் போய்விட்டால் பிரேக்குக்கு வந்த கரண்ட் வெளியேற வழி தேடி 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பார்க் லைட் லைனில் ஏறி, அடுத்த பக்கத்து பல்பின் எர்த்தில் இறங்கும். போகிற வழியில் எல்லாம் மங்கலாக எரியும். பார்க் லைட்டும் போட்டிருந்தால் பல்பின் இரண்டு பக்கமும் 12 வோல்ட், நடுவில் இறங்க இடம் இல்லை, அதனால் அணைகிறது. ஹோல்டரில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும், லைட்டிலிருந்து வரும் எர்த் வயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இறுக்கி மாட்டினால் முடிந்தது. ஹோல்டர் பிளாஸ்டிக் உருகியிருந்தால் மட்டும் மாற்ற வேண்டியதுதான்.

மேலே உள்ள மூன்றாவது லைட் எரிகிறது, கீழே இரண்டும் எரியவில்லை. அல்லது அதற்கு நேர் எதிர்.

ஏதாவது ஒன்று எரிந்தாலே சுவிட்ச் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே மட்டும் எரியவில்லை, அதுவும் பின்கதவு தூக்கித் திறக்கும் வண்டி என்றால், கீல் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயரைப் பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி மேலுறை அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒவ்வொரு வயராக லேசாக இழுத்துப் பார்த்தால் அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். கீழே இரண்டும் எரியாமல் மேலே மட்டும் எரிகிறது, இண்டிகேட்டரும் பிரேக்கும் ஒரே சிவப்பு பல்பு என்றால் (அமெரிக்க வகை வண்டிகளில் இது சகஜம்), பிரேக் கரண்ட் இண்டிகேட்டர் லீவர் சுவிட்ச் வழியாகப் போகிறது. அந்த லீவர் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள்.

ஃபியூஸ் மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருக்கிறது.

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் எரியும். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை வயர் வைத்து இணையுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அந்த பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் வீணாகாது. மிதிக்காமலே எரிந்தால் ஷார்ட் சுவிட்சுக்கு முன்னால், மிதித்தால் மட்டும் முழு வெளிச்சம் என்றால் சுவிட்சுக்குப் பின்னால். மிதிக்கும்போது பிரேக் பல்புகள் இழுப்பதாலேயே அது கொஞ்சம் எரியத்தான் செய்யும், ஆகவே முதலில் பிரேக் பல்புகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம் டிரெய்லர் வயரிங், மூன்றாவது லைட், ஒவ்வொரு பக்க லைட் என்று கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் அணைகிறதோ அங்கே இருக்கிறது.

லைட் நன்றாக எரிகிறது, ஆனால் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) பி0504 என்ற குறியீடு வருகிறது. சுவிட்ச் நல்லதுதானே?

நாலு பின் சுவிட்ச் உள்ளே உண்மையில் இரண்டு சுவிட்ச் இருக்கிறது. ஒன்று மிதித்தால் சேரும், அது லைட்டுக்கு. மற்றொன்று மிதித்தால் பிரியும், அது கம்ப்யூட்டர் சரிபார்ப்பதற்கு. ஒன்று சொல்வதை மற்றது ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான் இப்படி வைத்தார்கள், ஏனென்றால் குரூஸ் கன்ட்ரோலில் போகும் வண்டி பிரேக் மிதித்ததை உணராமல் போனால் ஆபத்து. இரண்டும் முரண்பட்டால் வரும் குறியீடுதான் பி0504. பி0571 என்றால் முதல் சுவிட்சின் சர்க்யூட்டில் பழுது, பி0572 என்றால் அதில் வோல்ட் குறைவாகவே நிற்கிறது, பி0573 என்றால் கூடுதலாகவே நிற்கிறது, பி0703 இரண்டாவது சுவிட்ச் பக்கம்.

எனவே லைட் எரிவது பாதி சுவிட்ச் நல்லது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஸ்கேனரில் லைவ் டேட்டா போய் பிரேக் சுவிட்ச் 1, பிரேக் சுவிட்ச் 2 இரண்டையும் ஒன்றாகத் திரையில் வையுங்கள், பெயர் வண்டிக்கு வண்டி மாறும். இப்போது பெடலை மிக மெதுவாக, காலின் எடையை மட்டும் வைத்து, கீழே இறக்குங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக மாற வேண்டும். ஒன்று உடனே மாறி மற்றது பெடல் வெகுதூரம் போன பிறகு மாறினால் அட்ஜஸ்ட்மென்ட் தவறு அல்லது பிளஞ்சர் தேய்ந்திருக்கிறது. ஒன்று மாறவே இல்லை என்றால் அந்த ஜோடி பின்னில் மீட்டரை வையுங்கள். பிரேக் பெடல் மேல் எப்போதும் லேசாகக் கால் வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்தக் குறியீடு வரலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கியர் பார்க்கை விட்டு நகரவில்லை, நடுவழியில் நிற்கிறேன்.

பின்னால் போய்ப் பாருங்கள் அல்லது யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் லைட்டும் எரியவில்லை என்றால் காரணம் சுவிட்ச் அல்லது ஃபியூஸ். பல வண்டிகளில் கியர் லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை அல்லது சாவியை விட்டு அழுத்தினால் பூட்டு விடும், வண்டியின் கையேட்டில் இடம் போட்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு மட்டுமே இதைச் செய்யுங்கள். லைட் எரிகிறது, லீவர் மட்டும் நகரவில்லை என்றால் பழுது லீவர் பக்க சோலினாய்டிலோ (லீவரைப் பூட்டி விடும் மின்காந்தம்) இரண்டாவது சுவிட்சிலோ இருக்கும்.

எப்போதாவது மட்டும் வரும் பழுது. மெக்கானிக்கிடம் போனால் நன்றாக எரிகிறது.

இதுதான் எல்லாவற்றிலும் அலுப்பான வகை. டெஸ்ட் லேம்பை சுவிட்சின் வெளியே போகும் வயரில் மாட்டி, கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, பெடலை மிதித்தபடி கனெக்டரை ஆட்டுங்கள், வயர் கட்டை வளையுங்கள், சுவிட்சைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். எந்த அசைவில் விட்டுவிட்டு எரிகிறதோ அங்கேதான் லூஸ். கனெக்டரின் பெண் பின்கள் (சுவிட்சின் பின்கள் நுழையும் துளைகள்) அகன்று போயிருந்தால் புது சுவிட்ச் போட்டாலும் ஒரு வாரத்தில் பழுது திரும்ப வரும்.

சுவிட்ச் உள்ளே கான்டாக்ட் மேல் படலம் படிவதும் இப்படித்தான் வந்து வந்து போகும். 2019இல் சுபாரு நிறுவனம் உலகம் முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைப் பிரேக் லைட் சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்தது. காருக்குள் பயன்படுத்தும் பாலிஷ், அழகுசாதனப் பொருட்கள் போன்றவற்றிலிருந்து வரும் சிலிகான் ஆவி சுவிட்சுக்குள் புகுந்து கான்டாக்டில் படிந்து கரண்டைத் தடுத்தது என்பதுதான் காரணம். பெடல் கிறீச்சிட்டால் சிலிகான் ஸ்ப்ரேயை அந்தப் பக்கம் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்இடி பல்ப் மாற்றிய பிறகு எச்சரிக்கை வருகிறது, சுவிட்ச் கெட்டுவிட்டதா?

இல்லை. புது வண்டிகளில் சுவிட்ச் நேரடியாக லைட்டை எரிப்பதில்லை. அது பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்கு (லைட் போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்) செய்தி மட்டும் சொல்லும், லைட்டுக்குக் கரண்ட் கொடுப்பது மாட்யூல். 21 வாட் பல்ப் இழுக்க வேண்டிய கரண்டை எல்இடி இழுக்காததால் பல்ப் போய்விட்டது என்று அது நினைக்கிறது. எல்இடியில் நன்மையும் உண்டு: இழை பல்ப் சூடாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், மணிக்கு 100 கிலோமீட்டரில் அது ஐந்தரை மீட்டர் தூரம். ஆனால் வண்டியோடு வராத எல்இடி பல்ப் உங்கள் லைட் கூட்டுக்குள் சரியாக வெளிச்சம் பரப்புமா என்பது வேறு கேள்வி. பழைய பல்பையே போட்டு எச்சரிக்கை போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிப்பட்ட மாட்யூல் வண்டியில் லைட் எரியவில்லை என்றால் ஸ்கேனரில் பிரேக் சுவிட்ச் "ஆன்" என்று வருகிறதா என்பதே முதல் கேள்வி. வருகிறது என்றால் பழுது மாட்யூலுக்கும் லைட்டுக்கும் நடுவில். ஷார்ட் ஆன பக்கத்தை மாட்யூலே மூடிவிட்டிருக்கவும் கூடும்.

எலக்ட்ரிக் காரில் பிரேக்கை மிதிக்காமலே லைட் எரிகிறதே, பழுதா?

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை நிறுத்தும்போது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. ஐ.நா. வாகன விதி 13எச் படி வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் பிரேக் லைட் எரிந்தே ஆக வேண்டும், 0.7 வரை எரியக் கூடாது, நடுவில் நிறுவனத்தின் விருப்பம். நின்ற வண்டியில் பெடலைத் தொடாமல் எரிந்தால் அப்போது சுவிட்சைப் பாருங்கள், அதற்கும் முன் ஆட்டோ ஹோல்ட் (நின்ற வண்டியைத் தானே பிரேக்கில் பிடித்துவைக்கும் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, லைட்தானே இல்லை, இரண்டு நாள் ஓட்டலாமா?

வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்கள் பிரேக்கை அந்த லைட்டில்தான் பார்க்கிறார், பைக்கில் வருபவருக்கு அதைத் தவிர வேறு பாதுகாப்பே இல்லை. எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதும் எரியாததற்குச் சமம்தான். இரண்டிலும் நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது.

சுவிட்சையே மாற்ற வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் எந்த வகை என்று பாருங்கள். சுவிட்சின் உடம்பில் திருகுப் புரியும் அதைப் பிடித்துவைக்கும் லாக் நட்டும் உள்ள பழைய வகையில் இடைவெளியை நாமே வைக்க வேண்டும். பெடல் முழுதாக மேலே வந்திருக்கும்போது பிளஞ்சர் உள்ளே அழுந்தியிருக்க வேண்டும், ஆனால் சுவிட்சின் உடம்பு பெடல் தண்டைத் தொடக் கூடாது. எத்தனை மில்லிமீட்டர் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், பொதுவாக ஒரு மில்லிமீட்டர் பக்கம் வரும்.

தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையில் பிளஞ்சர் பல்சக்கரம் மாதிரி டிக் டிக் என்று உள்ளே போகும், பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் சரியாக அமையும். பெடலைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளஞ்சர் முழுதாக வெளியே இருக்கும் சுவிட்சை ஓட்டையில் வைத்துத் திருப்பிப் பூட்டி, பிறகு பெடலை மெதுவாக மேலே விட வேண்டும். கையில் வைத்து விளையாட்டாக அழுத்திப் பார்த்துவிட்டு மாட்டினால் லைட் அணையாது, "புது சுவிட்சும் கெட்டது" என்ற புகார் பலவும் இப்படித்தான் வருகிறது.

இரண்டு வகையிலும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சுவிட்சை அளவுக்கு மேல் உள்ளே திருகினால் அது பெடலைக் கீழ்நோக்கித் தள்ளி வைத்திருக்கும். பார்வைக்குத் தெரியாது. ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிப் போகும் சின்ன துவாரம் மூடியே இருக்கும், ஓட ஓட ஆயில் சூடாகி அழுத்தம் ஏறி பிரேக் தானே பிடிக்க ஆரம்பிக்கும். லைட்டைச் சரிசெய்யப் போய் பிரேக்கை ஒட்டவைத்த கதை ஆகிவிடும். அதனால் மாட்டி முடித்ததும் பெடலை விரலால் மேலே தூக்கிப் பாருங்கள், சுவிட்ச் இல்லாதபோது எவ்வளவு உயரம் வந்ததோ அவ்வளவு வர வேண்டும். அப்புறம் பெடலை விரலால் மெல்ல அழுத்துங்கள், பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே லைட் எரிந்துவிட வேண்டும், விட்டதும் தயங்காமல் அணைய வேண்டும். பழைய குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டி வந்து, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பரைப் பாருங்கள், எல்லாம் ஒன்றாகக் கொதித்தால் சுவிட்சைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்.